கொக்கி தானாகக் கழன்றது

பிப்ரவரி 4

வக்கீலம்மா மரியசெல்வி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். "விசாரணையில ஒரு தேதி, குறுக்கு விசாரணையில ஒரு தேதி சொன்னா எப்படிம்மா? அன்னன்னைக்கு நடந்ததை எழுதி வைங்க. அப்பீலுக்கு நான் வாங்கிப் பாப்பேன்" என்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வாத்தியார் தப்பித்துக்கொண்டார். இது உரக்கடையில் கொடுத்த பழைய டைரி. கிழமை தப்பாக இருக்கும். தேதி சரி.

என் பெயர் செண்பகவல்லி. வயது நாற்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர், பதினேழு வருஷமாக. வீட்டுக்காரர் வேலாண்டி, லாரிப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறார். நாயின் பெயர் தாசில்தார். நான்தான் வைத்தேன். மதியம் சாப்பிட்டுக் கண்ணை மூடினால் வாசலில் யார் நின்றாலும் திறக்காது.

நேற்றுத் தீர்ப்பு. தாலுகா கோர்ட்டில், "தாசில்தார் என்கிற நாயை உரிய கவனமின்றி வைத்திருந்து, மின் கணக்கெடுக்க வந்த தங்கப்பழம் என்பவரைக் கடிக்கவிட்ட குற்றம்" என்று வாசித்தபோது பின் பெஞ்சில் சிரித்தார்கள். எனக்கும் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். அபராதம், அதோடு கோர்ட் கலையும் வரை சிறை.

சிறை என்றால் கம்பி எண்ணுவது இல்லையாம். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நாலே முக்காலுக்கு ஜட்ஜ் எழுந்தார், எனக்கு விடுதலை. வாசலில் நின்ற போலீஸ்காரம்மாவிடம், "ஜெயில்ல டீ நல்லாருந்துச்சு, அடுத்த தடவை வடையும் வைங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 9

சத்துணவு அமைப்பாளர் என் கையில் ஒரு கடிதம் கொடுத்தார். கோர்ட்டில் தண்டனை பெற்ற உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உரித்த முட்டையெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்பீல் போட்டிருக்கேன்னு பதில் எழுதிக் குடு. அதுவரைக்கும் சும்மா இருப்பாக. அப்பீல்ல தோத்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது பாத்துக்கோ" என்றார்.

"தோத்தா என்ன, தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நிப்பேன்" என்றேன். நூற்றுநாற்பது பிள்ளைகளுக்குச் சோறு வைத்துவிட்டு வந்தேன். நான் சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

பிப்ரவரி 14

வக்கீலம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டு வழி இருக்கிறதாம்.

முதல் வழி, நான் கவனமாகத்தான் இருந்தேன், குற்றமே இல்லை என்று வாதாடுவது. ஜெயித்தால் சுத்தமாக விடுதலை. இரண்டாவது வழி, தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, முதல் தடவை என்பதால் கண்டித்து விடுங்கள் என்று கேட்பது. ஜட்ஜ் மனசு வைத்துக் கண்டித்து அனுப்பினால், குற்றம் குற்றமாக இருந்தாலும் வேலைக்குப் பாதகம் வராது என்று சட்டத்தில் இருக்கிறதாம். மனசு வைக்காவிட்டால் வேலை போனதுதான்.

"இந்த வயசுல நின்னு திட்டு வாங்கச் சொல்லுதியளா? அதுக்கு எம் மாமியாரையே உயிரோட வச்சிருந்திருக்கலாம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப முதல் வழி. நடந்ததைத் திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன், தேதி மாறாமல் இருக்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர் 5, காலை பத்து மணி. தாசில்தார் வேப்பமரத்தில் சங்கிலியில் இருந்தது. தங்கப்பழம் ரீடிங் எடுக்கக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். கொக்கி தானாகக் கழன்றது. நாய் பாய்ந்தது. நான் ஓடிப் பிடித்தேன்.

"சங்கிலியில இருந்ததுக்குச் சாட்சி?"

"மரம்தான்."

அவர் சிரிக்கவில்லை. இந்தக் கேஸ் வந்ததிலிருந்து ஊரில் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

பிப்ரவரி 15

வாசல் மூன்று தடவை பெருக்கினேன். மூன்றாவது தடவை குப்பையே இல்லை.

பிப்ரவரி 27

அப்பீல் போட்டாயிற்று. ஜில்லா கோர்ட், ஒன்றேகால் மணி நேர பஸ்.

எதிர்வீட்டு ராசகனியை வக்கீலம்மா கூப்பிட்டு விசாரித்தார். அவள் அன்றைக்குத் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் போனில் படம் பிடித்தவள். பிடித்ததை வெட்டி, தங்கப்பழம் ஓடுகிற பாதியை மட்டும் தெருக் குரூப்பில் போட்டவளும் அவள்தான்.

"முன்பாதியில நாய் சங்கிலியில கெடந்துச்சும்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் ராசகனி. "போன் மாத்துனதுல எங்கிட்ட போயிருச்சு. முழுசா இவளுக்கு மட்டும்தான் அனுப்புனேன்."

வக்கீலம்மா நாற்காலியில் நிமிர்ந்தார். "அதுதான்மா நமக்கு வேணும்! சங்கிலியில இருந்தது தெரிஞ்சாலே பாதிக் கேஸ் முடிஞ்சது. அப்பீல்லயும் புதுசா தாக்கல் பண்ணலாம். உங்க போன் எங்க?"

என் பழைய போன் அன்று சாயங்காலமே தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. சொன்னேன்.

"அரிசிக்குள்ள போட்டு வச்சா சரியாகும்லா?" என்றாள் ராசகனி.

போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அரிசி டிரம்மின் அடியில். பதினைந்து மாதமாக. இன்னும் ஈரம் காயவில்லை போலிருக்கிறது.

மார்ச் 5

இன்று எங்கள் தெருவுக்கு ரீடிங். அந்த நாளிலிருந்து ஒரு வழக்கம். பதினோராம் நம்பர் வீடு வரை தங்கப்பழம் வருவார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வேறொரு ஆள் வந்து மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதுவார். அடுத்த வீட்டிலிருந்து மறுபடி தங்கப்பழம். நடுவில் அவர் டீக்கடை வாசலில் இந்தப் பக்கம் பார்க்காமல் நிற்பார்.

அதற்கு முன்னால் பத்து வருஷம் அவர்தான் வந்தார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், என்னை மதினி என்பார். எங்கள் பக்கத்தில் மதினி கொழுந்தனைக் கேலி பண்ணலாம். பண்ணாவிட்டால்தான் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். நானும் குறை வைத்ததில்லை. மீட்டர் படிக்கக் கண்ணாடி போட்டால் ஒன்று, போடாவிட்டால் ஒன்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதிவிட்டுப் போவார். முறைக்காரரைக் கேலி பண்ணாமல் வேறு யாரைப் பண்ண?

மார்ச் 19

முதல் வாய்தா. ஜட்ஜ் லீவு. தள்ளிவைத்தார்கள்.

வராந்தாவில் தங்கப்பழம் உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் வரச் சொன்னாராம். வேட்டியை மடித்து உட்கார்ந்ததில் கெண்டைக்காலில் தழும்பு தெரிந்தது. நான் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டார்.

தலையில் சாயம் இல்லை. முழுக்க வெள்ளை. அன்றைக்குக் கன்னங்கரேல் என்று இருந்தது.

இதை வக்கீலம்மாவுக்காக எழுதவில்லை. கண்ணில் பட்டது, எழுதினேன்.

மார்ச் 20

கொக்கியைப் பார்த்தேன். பித்தளைக் கொக்கி. கட்டைவிரலால் நாக்கை உள்ளே தள்ளினால்தான் திறக்கும். பழசாகிவிட்டது. ஆட்டினால் கழன்றுவிடும்.

நாற்பது தடவை ஆட்டினேன். தாசில்தார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

ஏப்ரல் 2

வக்கீலம்மா போன்: "அந்த போனைக் கொண்டு வாங்கம்மா, ரிப்பேர் பண்றவங்ககிட்டக் குடுத்து எடுத்துரலாம்." பார்க்கிறேன் என்றேன்.

ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். ஒரு பிள்ளை, "ஆயா, கடல்ல இருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டது. வழக்கமாக நானும் ஒன்று திருப்பிச் சொல்வேன். இன்று வரவில்லை.

ஏப்ரல் 6

வீட்டுக்காரர் பட்டறைக்குப் போகாத நாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள், உதவி பண்ணுகிறேன் என்று அரிசி டிரம்மைக் கவிழ்த்துக் கழுவியிருக்கிறார். போனை எடுத்துத் துடைத்துச் சார்ஜும் போட்டுவிட்டார். அதற்கு உடனே உயிர் வந்துவிட்டதாம்.

"ஏட்டி, இதுல ஒரு சொட்டுத் தண்ணி போகலயே" என்றார்.

"அரிசி நல்ல அரிசி" என்றேன்.

அவர் போனை என் பக்கம் திருப்பினார். படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. என் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

இருபத்தாறு வருஷமாக என் கேலிக்கு முதலில் சிரிக்கிற ஆள் இவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். இன்று முழுக்கப் பார்த்துவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அரிசியைத் தரையிலிருந்து ஒரு மணி ஒரு மணியாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நான் பொறுக்குதேன், விடுங்க" என்றேன்.

"பரவால்ல" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 7

படம் ஐம்பத்திரண்டு விநாடி. நானும் பார்த்துவிட்டேன். சும்மா தேதி சரிபார்க்க.

இந்த டைரியை வக்கீலம்மாவிடம் இனிக் காட்டப் போவதில்லை.

ஏப்ரல் 16

இரண்டாவது வாய்தா. அரசு வக்கீல் நேரம் கேட்டார். 28ஆம் தேதி கடைசி என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் தங்கப்பழம். அதே பஸ்தான் அவருக்கும். பஸ் வரவில்லை. நான் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

"கால் எப்படி இருக்கு, கொழுந்தனாரே?"

"கால் அப்பவே ஆறிட்டு மதினி. அஞ்சு ஊசி, அதோட போச்சு."

"பின்ன எதுக்கு இவ்வளவு தூரம்? ஒரு வார்த்தை ஸ்டேசன்ல சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா. பதினேழு வருஷ வேலை போகப்போகுது."

அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னைக்கு மத்தியானம் நான் பொண்ணு பாக்கப் போறதா இருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியும். ராசகனிக்குச் சித்தி மக. சம்சாரம் போயி ஆறு வருசங் கழிச்சு, அக்கா அழுது பிடிச்சுச் சம்மதிச்சேன். காலையில ரீடிங்க முடிச்சிட்டுப் போகலாம்னு வந்தேன். வாசல்ல நின்னு, நாயப் பிடிங்க மதினின்னு ரெண்டு தடவ சொன்னேன்."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"கொக்கியில ஒங்க கை இருந்தத நான் பாத்தேன்" என்றார்.

ஒரு பஸ் வந்தது. எங்கள் பஸ் இல்லை.

"பாத்தா ஏன் சொல்லல? ஏட்டையா கேட்டிருப்பாருல்லா?"

"கேட்டாரு. ஏவி விட்டாளான்னு கேட்டாரு. இல்ல, கவனிக்காம விட்டுட்டாகன்னு சொன்னேன். ஏவி விட்டான்னா எதுக்கு ஏவுனான்னு கேப்பாரு. அந்த வார்த்தைய நான் எவ் வாயால சொல்லணும், அவரு எழுதணும், கோர்ட்ல படிக்கணும். வேண்டாம்னு விட்டுட்டேன்." பாட்டிலை மறுபடி பைக்குள் வைத்தார். "பொண்ணு வீட்ல அந்தப் படத்தப் பாத்துட்டு என்ன சொல்லிவிட்டாக தெரியுமா? ஆளு நல்ல ஆளுதான், ஆனா ஊரே சிரிக்குதேன்னாக."

"கேலிக்குத்தான் செஞ்சேன். கேலி முறைதான நமக்கு?"

"முறதான். நான் இல்லங்கல. முறன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்லா மதினி? பத்து வருசத்துல நான் ஒரு வார்த்த ஒங்களத் திருப்பிச் சொல்லியிருக்கனா?"

யோசித்தேன். இல்லை.

"ஏன் சொல்லல?"

"எனக்கு வராது" என்றார். "யோசிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த வீடு வந்துரும்."

பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால்.

ஏப்ரல் 17

படத்தில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

அவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். புதுச்சட்டை, சாயம் போட்ட தலை. நாயைப் பிடிக்கச் சொல்கிறார். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டித்தானே இருக்கிறது, வாங்க என்கிறேன். வருகிறார். பதினோராவது விநாடியில், "புது மாப்பிள்ளைக்கு ஓடத் தெம்பு இருக்கான்னு பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?" என்கிறேன். குழாயடியில் சிரிப்பு. என் கட்டைவிரல் கொக்கியில்.

ராசகனி பிடித்த படம்தான். ஆனால் அவள் கண் முழுக்க அவர் மேல் இருந்தது. என் விரலை யாரும் பார்க்கவில்லை. அவர் மட்டும் பார்த்திருக்கிறார்.

தாசில்தார் குரைத்துக்கொண்டு ஓடும், திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். கடிக்கும் என்று நினைக்கவில்லை. அதுவரை அது யாரையும் கடித்ததில்லை. இது சத்தியம்.

அவர் ஓடும்போதும் நான் சிரிக்கிறேன். ரத்தம் பார்த்த பிறகுதான் நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 18

ராசகனியிடம் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் போன தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதாம்.

ஏப்ரல் 20

வக்கீலம்மாவிடம் போனைக் கொடுத்தேன். பார்த்தார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"இதை நான் பாக்கவே இல்லைன்னு வச்சுக்கறேன். இது இல்லாமலே வாதாடலாம். ராசகனியோட சாட்சியம் இருக்கு. ஜெயிக்கக்கூட வாய்ப்பு இருக்கு."

"கொக்கி தானா கழன்றதுன்னா?"

"அது நீங்க ஏற்கெனவே சொன்னது."

"ரெண்டாவது வழி ஒண்ணு சொன்னீகளே. திட்டு வாங்குற வழி."

"அதுல ஜட்ஜ் மறுத்துட்டா வேலை போயிரும்மா. யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"யோசிச்சுப் பேசுறது இதுதான் முதத் தடவ. எப்படி இருக்குன்னு பாப்போம்."

அவர் சிரித்துவிட்டார். கேஸ் வந்த பிறகு முதல் சிரிப்பு. எனக்குத்தான் வரவில்லை.

ஏப்ரல் 27

நாளைக்கு. சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். பெரிய கரண்டியில் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது. பதினேழு வருஷமாகத் தெரிகிறது, இன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

வீட்டுக்காரர் நாளைக்குக் கூட வருகிறாராம். பட்டறையில் லீவு சொல்லிவிட்டார். "திட்டு வாங்குறதப் பாக்க வாரீகளா?" என்றேன். "ஆமா, இருபத்தாறு வருசமா நான் திட்ட முடியல, யாராவது திட்டட்டும்" என்றார். ஏப்ரல் 6க்குப் பிறகு இன்றைக்குத்தான் இவ்வளவு பேசினார்.

ஏப்ரல் 28

ஜட்ஜுக்குச் சளி. கைக்குட்டையும் கையுமாக இருந்தார். வக்கீலம்மா எழுந்து, குற்றமில்லை என்ற வாதத்தைக் கைவிடுகிறோம், முதல் குற்றம், கண்டித்து விடுமாறு கேட்கிறோம் என்றார். நான் "வருந்துகிறேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "கீழ்க்கோர்ட்ல கொக்கி தானா கழன்றதுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"தானா கழறலைங்கய்யா. நான்தான் கழத்துனேன்."

வக்கீலம்மா என் முழங்கையைத் தொட்டார். அதற்குள் வெளியே வந்துவிட்டது.

"எதுக்கு?"

"கடிக்கணும்னு இல்லைங்கய்யா. அவர் ஓடணும்னு. சிரிப்புக்கு."

"யார் சிரிக்கிறதுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. "நாங்க" என்றேன். "அவர் இல்லைங்கய்யா."

தங்கப்பழம் பின்னால் நின்றார். ஜட்ஜ் அவரை அழைத்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அவர் ரொம்ப நேரம் நின்றார். என்ன வார்த்தை தேடினாரோ. வேலாண்டி தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்டது.

"இல்லைங்கய்யா" என்றார் தங்கப்பழம். "இவுக சொன்னதே போதும்."

பிறகு ஜட்ஜ் திட்டினார். மூக்கைச் சிந்திச் சிந்தித் திட்டினார். வயது, வேலை, பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை, எல்லாம் சொன்னார். நடுவில் அவர் தும்மியபோது ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். மேலே ஃபேன் ஓடாமல் நின்றது. அதன் இறக்கையில் ஒரு சிலந்தி வலை கட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கடைசி வரை கேட்டேன்.

தண்டனை ரத்து. குற்றம் நிற்கும். கண்டித்து விடப்பட்டாள், இதனால் அவள் வேலைக்குத் தகுதிக்குறைவு ஏதும் இல்லை என்று எழுதச் சொன்னார். வக்கீலம்மா மூச்சு விட்டது மூன்று பெஞ்சுக்குக் கேட்டிருக்கும்.

வாசலில் தங்கப்பழத்திடம் போனேன். மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நான் கேட்டுப் பழகாத சாமான் அது. அவர் காத்திருந்தார். "கேட்டாச்சுன்னு வச்சுக்கிடுங்க" என்றேன். "அங்க உள்ளயே கேட்டாச்சு" என்றார்.

ஏப்ரல் 30

அமைப்பாளரிடம் தீர்ப்பு நகல் கொடுத்தேன். ஆபீசுக்கு அனுப்பினார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வழக்கம்போல வா என்றார். புதுக் கொக்கி வாங்கினேன், திருகி மூடுகிற மாதிரி. வேலாண்டி அதைச் சங்கிலியில் வைத்து வெல்டிங்கும் வைத்துவிட்டார்.

மே 5

காலை ஒன்பதுக்கே தாசில்தாரைப் பின்கட்டில் கட்டிக் கதவைச் சாத்தினேன். அட்டையை எடுத்துத் துடைத்து வைத்தேன். மூன்று தடவை கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பதினோராம் நம்பர் வீட்டில் அவர் குரல். டீக்கடைப் பக்கம் வேறு ஆள் யாரும் நிற்கவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு. குழாயடியில் ராசகனியும் இன்னும் நாலு பேரும் குடத்தை மறந்துவிட்டுப் பார்த்தார்கள்.

"கட்டியாச்சா மதினி?"

"கட்டியாச்சு. பின்கட்டுல. கதவும் சாத்தியாச்சு."

"நாயக் கேக்கல" என்றார் தங்கப்பழம். "ஒங்க வாயக் கேட்டேன்."

ராசகனி வாயைப் பொத்தினாள், முடியவில்லை, குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே வேலாண்டி சிரித்தது தெரு முனைக்கே கேட்டிருக்கும். தங்கப்பழத்தின் காது சிவந்துவிட்டது. தான் சொன்னதைத் தானே நம்பாத மாதிரி அவசரமாக உள்ளே வந்து கண்ணாடியைப் போட்டு மீட்டரைப் பார்த்தார். அட்டையில் எழுதினார்.

எனக்கு மூன்று பதில் வந்து நின்றது. மூன்றும் நல்ல பதில். ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போகும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. ஏப்ரல் 16ஆம் தேதியிலிருந்து இதை யோசித்திருப்பார் போலிருக்கிறது.